மெலாங்கெல் அம்மையாரின் ஆட்டுக்குட்டிகள்

அவைத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த பங்குத்தந்தை அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, சூடான தேநீர் தந்த மகளிர் அணியினரே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள். அதற்குத் தனி நன்றி.

ஐரோப்பியக் கலையிலும் நாட்டுப்புறக் கதையிலும் காட்டு முயல் என்பது தலைப்பு. ஓவியம், புனிதர், சூனியக்காரி, ஈஸ்டர் முயல் என நான்கையும் தொட எண்ணம்.

1502-இல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் ஒரு முயலை வரைந்தார். சாண் அளவுத் தாள். இன்று வியன்னாவின் அல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மயிர் மயிராகத் தீட்டியிருக்கிறார். கண்ணில் சன்னல் மின்னுகிறது. வேட்டைக்காரன் இல்லை, நாய் இல்லை. ஓர் உயிரை அதற்காகவே உற்றுப் பார்த்திருக்கிறார் அந்த மனிதர். ஜெர்மனியின் பாடர்போர்ன் பேராலயச் சன்னலில் மூன்று முயல்கள் வட்டமாக ஓடுகின்றன. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்போம். அங்கே மூன்று முயலுக்கும் சேர்த்து மூன்றே காது!

இனி வேல்ஸ் நாட்டுக் கதை. கட்டாயத் திருமணத்துக்கு அஞ்சி அயர்லாந்திலிருந்து ஓடிவந்த மெலாங்கெல் என்ற பெண், பொவிஸ் மலைப் பள்ளத்தாக்கில் தவம் இருந்தாள். இளவரசன் ப்ரோக்வெல் வேட்டைக்கு வந்தான். நாய்கள் ஒரு முயலைத் துரத்தின. அது முட்புதருக்குள் பாய்ந்தது. உள்ளே மெலாங்கெல் செபித்துக்கொண்டிருக்கிறாள். முயல் அவள் ஆடைக்குள் ஒளிந்து தலையை மட்டும் நீட்டி நாய்களைப் பார்க்கிறது! "பிடி, பிடி" என்று கத்தினான் இளவரசன். நாய்கள் ஊளையிட்டுப் பின்வாங்கின. வேடன் கொம்பை ஊதப் போனான். அது உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. இளவரசன் கைகூப்பி அந்த நிலத்தையே அடைக்கலபூமியாகக் கொடுத்தான். அவ்வூரார் முயல்களை "மெலாங்கெலின் ஆட்டுக்குட்டிகள்" என்றார்கள். துரத்தப்படும் முயலை நோக்கி "கடவுளும் மெலாங்கெலும் உனக்குத் துணை" என்று கூவினால் அது தப்பிவிடும் என்று நம்பினார்கள். பென்னன்ட் மெலாங்கெல் தேவாலயத்தின் மரச் சிற்பத்தில் இக்கதையை இன்றும் காணலாம்.

ஸ்காட்லாந்தில் 1662-இல் இசபெல் கௌடி என்ற பெண், மந்திரம் சொல்லி முயலாக மாறியதாக வாக்குமூலம் கொடுத்தாள். சூனியக்காரி என்று முன்பே முடிவுகட்டியவர்கள் கேட்ட வாக்குமூலம் அது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

அன்பர்களே, இன்றைய முயலுக்கு வருகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவி முயல் வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. துப்பாக்கியை யார் தடுப்பது? ஸ்காட்லாந்தில் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை சுடக்கூடாது. இங்கிலாந்திலோ குட்டி ஈனும் காலத்திலும் சுடலாம். 1892-ஆம் ஆண்டுச் சட்டம் மார்ச் முதல் ஜூலை வரை விற்பனையை மட்டுமே தடுக்கிறது. காட்டு முயலுக்கு வளை கிடையாது. குட்டிகள் வெட்டவெளியில் கிடக்கும். தாய் நாளுக்கு ஒருமுறை அந்தி நேரத்தில் வந்து பால் கொடுக்கும். தாயைச் சுட்டால் குட்டியும் பட்டினியால் சாகும். பயிரைத் தின்கிறது என்பவர்களுக்குச் சொல்கிறேன்: மற்ற மாதங்கள் இருக்கின்றனவே! இதைச் சொன்னால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறார்கள்.

ஈஸ்டர் முயலுக்கு நேரமில்லை என்று தலைவர் மணியடித்துவிட்டார். வாயிலருகே மேசையில் மனுப் படிவங்கள் இருக்கின்றன. இனப்பெருக்க காலத் தடை கோரி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். முகவரியோடு அஞ்சல் குறியீட்டையும் குறிப்பிடுங்கள். நீங்கள் அவருடைய தொகுதியைச் சேர்ந்தவர் என்பது அதைக் கொண்டுதான் தெரியும். நன்றி, வணக்கம்.