சேலத்துப் பெண்கள் டிரையத்லான்: நீச்சல், சைக்கிள், ஓட்டம், நடுவில் ஒரு ஜடை

வணக்கம் மக்களே. என் குரல் கேட்கிறதா? பின்னால் கேட்கிற டக்டக் சத்தம் பக்கத்து வீட்டு விசைத்தறி. அம்மாப்பேட்டையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வீடியோ எடுத்தால் இதுதான் பின்னணி இசை. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துப் பெண்கள் டிரையத்லானை முடித்து வாங்கிய மெடல் படத்தை ஸ்டோரியில் போட்டதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அக்கா, சைக்கிளில் ஏற்காடு ஏறினீங்களா?" இல்லை. ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதற்கு நடுவில் போட்டி வைக்க யாருக்குத் தைரியம் வரும்? எங்கள் பாதை கோரிமேடு தாண்டி அடிவாரம் பக்கம் போய், மலை தொடங்கும் முன்பே திரும்பி வருவது. சேர்வராயன் மலையை எதிரில் பார்த்துக்கொண்டே ஓட்டினோம், அவ்வளவுதான்.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துச் செய்வது. ஹவாயில் நடக்கிற அயர்ன்மேன் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். அதற்கு வேறு பிறவி வேண்டும். ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் சரிபாதி ஸ்பிரிண்ட். அதற்கும் கீழே இருப்பதை சூப்பர் ஸ்பிரிண்ட் என்கிறார்கள். எங்களுடையது அதுதான்: நீச்சல் குளத்தில் 400 மீட்டர், ரோட்டில் 10 கிலோமீட்டர் சைக்கிள், இரண்டரை கிலோமீட்டர் ஓட்டம். பெண்கள் மட்டும்.

என் ஆபீஸில் ஒரு சார் கேட்டார், ஆண்கள் போட்டியைச் சுருக்கிப் பெண்களுக்கு வைத்திருக்கிறார்களா என்று. அப்படி இல்லை சார். ஒலிம்பிக்கில் இரண்டு பேருக்கும் ஒரே தூரம். 2000-ல் சிட்னியில் டிரையத்லான் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது பெண்கள் போட்டிதான் முதலில் நடந்தது, ஆண்கள் மறுநாள்தான் ஓடினார்கள். எங்களுடையது சின்னதாக இருந்ததற்குக் காரணம் நாங்கள் எல்லோரும் புதுசு என்பது.

புதுசு என்று சொல்கிறேனே தவிர, யோசித்துப் பார்த்தால் இந்த மூன்றையும் நான் சின்ன வயதில் செய்தவள்தான். ஆத்தூர் பக்கம் தாத்தா தோட்டத்துக் கிணற்றில், முதுகில் எண்ணெய் கேனைக் கட்டி மாமா தள்ளிவிட்டார். ஒரு கோடை லீவு முடிவதற்குள் கேனைக் கழற்றிப் போட்டுவிட்டு மேட்டிலிருந்து குதித்தேன். வயதுக்கு வந்த பிறகு கிணற்றுப் பக்கம் போகவில்லை. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் இருந்தது. பிளஸ் டூ முடித்ததும் அது தம்பிக்குப் போய்விட்டது, எனக்கு டவுன் பஸ். ஓட்டம் அதற்கும் முன்பே போய்விட்டது. பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார், நினைவிருக்கிறதா உங்களுக்கு? எல்லாப் பள்ளியிலும் இதே கதைதான்.

யாரும் என்னிடம் சண்டை போட்டு எதையும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் தானாக நின்றது போல நின்றது. அதனால்தான் "இந்த வயதில் புதிதாக மூன்று விளையாட்டா?" என்று கேட்கிறவர்களுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. பழைய பாக்கி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். ஓட்டம் பிரச்னை இல்லை. காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடக்கிற பெண்கள் நிறையப் பேர், அவர்களோடு சேர்ந்து மெதுவாக ஓடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சைக்கிளுக்கு விடியற்காலை. வண்டி ஓடத் தொடங்கும் முன் கன்னங்குறிச்சி வரை, மூக்கனேரி கரையோரம் ஒரு நிறுத்தம், திரும்பி வீடு. தெரு நாய்கள்தான் ஒரே தொல்லை.

நீச்சல்தான் பெரிய பாடு. தண்ணீருக்குப் பயமில்லை, அந்தத் தண்ணீருக்குள் போக வழியில்லை. நான் போன குளத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் மதியம் மூன்று மணி. வேலைக்குப் போகிற எந்தப் பெண் மூன்று மணிக்கு நீந்த வருவாள்? பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறவளுக்கும் அது ஆகாத நேரம். காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை, மாலை ஐந்திலிருந்து எட்டு வரை ஜென்ட்ஸ். கோடையில் பையன்களுக்கு முகாம் என்றால் அந்த மூன்று மணியும் காலி. அப்புறம் நம்மிடமே, "லேடீஸ் பேட்ச்சுக்கு ஆளே வருவதில்லை மேடம்" என்று வருத்தப்படுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். நான் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் பர்மிஷனையும் ஒட்டவைத்துத்தான் போய் வந்தேன்.

கிணற்று நீச்சல்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். கிணற்றில் தலையைத் தூக்கி வைத்துத்தான் நீந்துவோம். யார் எங்கிருந்து குதிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? குளத்தில் அப்படி 400 மீட்டர் போனால் கழுத்து போய்விடும். தலை மேலே நின்றால் இடுப்பும் காலும் கீழே இறங்கிவிடும், பாதி பலம் அதை இழுப்பதிலேயே போகும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை உள்ளேயே விட வேண்டும், பக்கவாட்டில் திரும்பி வாங்க வேண்டும். அந்த விடுவதுதான் வர மாட்டேன் என்றது. மூச்சு வாங்கத் தெரியவில்லை என்று நினைக்கிறோம், உண்மையில் விடாமல் அடக்கி வைத்திருப்போம். கோச் அக்கா என்னைச் சுவரைப் பிடித்து நிற்கவைத்து, தண்ணீருக்குள் "ம்ம்ம்" என்று பாடச் சொன்னார். பாடினால் மூச்சு தானாக வெளியே போகும். வேலை செய்கிறது, முயன்று பாருங்கள்.

இப்போது போட்டி நாள். காலை ஐந்தரைக்குக் கையிலும் கெண்டைக்காலிலும் மார்க்கரால் நம்பர் எழுதினார்கள். சைக்கிளை நம் நம்பர் போட்ட கம்பியில் மாட்டி, கீழே ஒரு டவல் விரித்து, அதில் ஷூ, சாக்ஸ், ஹெல்மெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுக்கிற வரிசையில் வைக்க வேண்டும். இந்த இடத்துக்குத்தான் டிரான்சிஷன் என்று பெயர். விலை உயர்ந்த ரோட் பைக் இரண்டு மூன்று இருந்தன, மீதி எல்லாம் நம்மைப் போன்றவர்கள் வீட்டு சைக்கிள். ஒரு பெண் முன்னால் கூடை வைத்த லேடிபேர்டையே கொண்டு வந்திருந்தாள். கூடையை மட்டும் கழற்றிவிட்டாள்.

பெண்கள் மட்டும் என்பதால், டிரான்சிஷனைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்குள் நடந்த பேச்சு வேறு மாதிரி. தாலிக்கொடியைக் கழற்றலாமா கூடாதா என்று ஒரு வட்டமேசை மாநாடு. சிலர் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார்கள், சிலர் மஞ்சள் கயிற்றுக்கு மாறி உள்ளே ஊக்கு குத்திக்கொண்டார்கள். ஒரு பெண்ணுக்கு அன்றுதான் மாதவிடாய் இரண்டாம் நாள். கப் போட்டுக்கொண்டு இறங்கப் போகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள், பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் அதை எப்படிப் போடுவது என்று அங்கேயே பாடம் கேட்டுக்கொண்டாள். கணவர்கள், அண்ணன் தம்பிகள் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே. எதற்குத் தனியாகப் பெண்களுக்குப் போட்டி என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கயிற்றைத்தான் காட்டுவேன்.

உடை விஷயம். முட்டி வரை நீச்சல் லெகிங்ஸ், மேலே அரைக்கை நீச்சல் டாப், உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா. கடைசி வரை அதே உடைதான். பருத்தி வேண்டாம், தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. எனக்குப் பக்கத்துக் கம்பியில் ஒரு பெண் நீந்தி முடித்து வந்து காய்ந்த லெகிங்ஸைப் போடப் பார்த்தாள். ஈரக் காலில் அது கெண்டைக்கால் வரை ஏறி அங்கேயே சுருண்டு நின்றுவிட்டது. இழுக்கிறாள், சிரிக்கிறாள், திரும்ப இழுக்கிறாள். கடைசியில் வாலண்டியர் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து உருட்டி ஏற்றிவிட்டாள்.

நீச்சலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லேனுக்கு இரண்டு பேர், 25 மீட்டர் குளத்தில் 16 நீளம். எண்ணிக்கை தவறாமல் இருக்க அட்டை பிடித்து ஆள் நின்றார்கள். பாதிக்கு மேல் நான் கொஞ்ச நேரம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறினேன். அது அனுமதிதான், எந்த ஸ்ட்ரோக்கில் வேண்டுமானாலும் நீந்தலாம். 13 நிமிடத்தில் வெளியே.

ஜடைக் கதை இங்கேதான். எனக்கு இடுப்பு வரை முடி. கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, ஒற்றை ஜடை போட்டால் நீச்சல் தொப்பிக்குள் பின்னந்தலையில் மேடு தட்டும். அதனால் காது ஓரமாகத் தாழ்வாக இரட்டை ஜடை, பள்ளிக்கூடத்தில் போடுவோமே அதே. தொப்பிக்குள் மடித்துப் போனது, கழற்றியதும் இரண்டு பக்கமும் விழுந்தது, ஹெல்மெட் சுகமாக உட்கார்ந்தது. என் மாமியாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கயிற்றுக்கு வெளியிலிருந்து, "தலையத் துவட்டிட்டுப் போம்மா, சளி புடிக்கும்!" என்று கத்துகிறார். அத்தை, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது!

அட, கரண்ட் போய்விட்டது. தறி நின்றுவிட்டது பாருங்கள், எவ்வளவு அமைதி. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹெல்மெட்டின் கொக்கியைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும். முடித்து வரும்போதும் சைக்கிளை மாட்டிய பிறகுதான் கொக்கியைத் திறக்கலாம். டிரான்சிஷனுக்குள் ஏறி ஓட்டக்கூடாது, கோடு வரை தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. இந்த மாற்றத்துக்கு எனக்கு 4 நிமிடம். அதில் பாதி ஈரக் காலில் சாக்ஸ் ஏற்றியது. சாக்ஸுக்குள் பவுடர் தட்டி வைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும் என்றார்கள், அடுத்த முறை செய்வேன்.

சைக்கிளில் போகும்போது மேடு. கண்ணுக்குத் தெரியாத மேடு, கார்க்காரர்களுக்கு அது மேடென்றே தெரியாது. அடிவாரம் நெருங்க நெருங்கத் தொடை சொல்லும். திரும்பி வரும்போது அதே ரோடு நம்மைத் தள்ளிவிடும். டீக்கடையில் நின்ற ஒரு தாத்தா கிளாஸை உயர்த்திக் காட்டினார். 29 நிமிடம்.

சைக்கிளை மாட்டிவிட்டு ஓடத் தொடங்கினால் கால் நம்முடையதாக இல்லை. பந்தியில் வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்த கால் மாதிரி இருக்கும். இவ்வளவு நேரமும் ஒரே வட்டத்தில் மிதித்துப் பழகிய தசைகள், அடி எடுத்து வைக்கச் சொன்னால் சட்டென்று மாறாது. அதற்காகத்தான் பயிற்சியிலேயே சைக்கிள் முடித்த கையோடு கொஞ்சம் ஓடச் சொல்வார்கள். பிரிக் என்று பெயர். முதல் ஐந்நூறு மீட்டரைச் சின்னச் சின்ன அடியாக வைத்தால் கால் திரும்பி வந்துவிடும். என்னைத் தாண்டிப் போன ஓமலூர் அக்கா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முதுகில் தட்டி, "மெதுவா வா கண்ணு, வெயில் ஏறலை இன்னும்" என்று சொல்லிவிட்டு அலட்டாமல் போய்விட்டார். நான் ஓடி முடிக்க 18 நிமிடம். இரண்டாவது மாற்றத்தின் 2 நிமிடத்தையும் சேர்த்தால் மொத்தம் 1 மணி 6 நிமிடம்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அமெரிக்காவில் 1990-ல் டான்ஸ்கின் என்ற பெயரில் பெண்களுக்கு மட்டும் குட்டி டிரையத்லான்கள் தொடங்கினார்கள். அதன் முகமாக இருந்த சாலி எட்வர்ட்ஸ் பெரிய வீராங்கனை. அவர் வேண்டுமென்றே கடைசி ஆளாக வந்து முடிப்பார், வேறு எந்தப் பெண்ணும் கடைசியாக வரக்கூடாது என்பதற்காக. எங்கள் கோச் அக்கா இந்தக் கதையை முதல் நாளே சொல்லியிருந்தார். போட்டியன்று எல்லோரும் முடித்த பிறகு, லேடிபேர்ட் பெண் வந்தாள். அவளுக்கு நாலு அடி பின்னால் கோச் அக்கா நடந்து வந்தார். அந்தப் பெண் கோட்டைத் தாண்டும் வரை நின்றுவிட்டு, அப்புறம்தான் தான் தாண்டினார். ரிசல்ட் ஷீட்டில் கடைசிப் பெயர் அவருடையது.

ஒரே ஒரு குறை. டி-சர்ட் பிங்க். பெண்கள் என்றாலே பிங்க் என்று யார் முடிவு செய்தது தெரியவில்லை. அதிலும் ஆண்கள் அளவு, எனக்கு நைட்டி மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, முடித்ததும் காலை எட்டு மணிக்கே தட்டுவடை செட் கொடுத்தார்கள், பீட்ரூட் கேரட் எல்லாம் தாராளமாக வைத்து. சேலத்தில் வேறு எதைக் கொடுப்பார்கள்!

செலவு கேட்டவர்களுக்கு: சைக்கிள் வாங்காதீர்கள், வீட்டில் இருப்பதை எடுத்து பிரேக்கும் டயரும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் நீச்சல் கண்ணாடியும் மட்டும் நல்லதாக வாங்குங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சில பேர் குப்பனூர் பக்கம் விடியற்காலையில் ஓட்டப் போகிறோம், பெண்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், வேகம் பற்றிக் கவலை வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்புறம், சேலத்தில் காலை ஆறு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ பெண்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிற குளம் எதுவாவது உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். மதியம் மூன்று மணிக் குளங்களைச் சொல்லாதீர்கள், அந்தப் பட்டியல் என்னிடம் இருக்கிறது.