மலை டல்சிமர்: மூன்று தந்தியும் ஒரு குச்சியும்

அவையோருக்கு வணக்கம்.

மலை டல்சிமர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் உருவான, மடியில் கிடத்தி வாசிக்கும் கருவி. ஜெர்மானியக் குடியேறிகள் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்த ஷைட்ஹோல்ட் என்ற தந்திக் கருவி இதற்கு மூதாதை. கென்டக்கியில் பிறந்த நாட்டுப்புறப் பாடகி ஜீன் ரிட்சி (1922–2015) இதை நகர மேடைகளுக்குக் கொண்டுபோனார். வரலாறு இவ்வளவு போதும், வாசிப்புக்கு வருவோம்.

வீணையில் இருப்பதுபோல இதில் பன்னிரண்டு சுரத்தானங்களும் இல்லை. ஒரு ஸ்தாயிக்கு ஏழே ஃபிரெட் (வீணையின் மெட்டுபோல, தந்தியை அழுத்தும் இடத்தில் உள்ள குறுக்குக் கம்பி). அதனால் மெட்டுக்கு ஏற்ற சுருதியை முதலில் கூட்டிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்க வேண்டும். இதைத் தவறவிட்டவர்கள்தான் “கருவியில் சுரம் இல்லை” என்று குறை சொல்கிறார்கள்.

உங்களுக்குத் தூரத்தில் உள்ள தடித்த தந்தியை, கிட்டாரின் நான்காம் தந்தியின் ‘டி’க்குக் கூட்டுங்கள். அதை 4-ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் பஞ்சமம் வரும்; நடுத் தந்தியை அதோடு சேருங்கள். அருகிலுள்ள மெட்டுத் தந்தியையும் அதே பஞ்சமத்தில் வைத்தால், சட்ஜம் 3-ஆம் ஃபிரெட்டில் விழும். கிடைப்பது சங்கராபரண ராகத்தின் சுரங்கள். சட்ஜத்துக்குக் கீழே ப, த, நி மூன்றும் கைவசம் இருப்பதால், கீழ்ப் பஞ்சமத்தில் எடுப்பு உள்ள பாடல்களுக்கு இதுவே சரி.

‘ஓல்டு ஜோ கிளார்க்’ என்ற அமெரிக்க நாட்டுப்புற மெட்டு போன்றவற்றுக்குக் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) வேண்டும். நடுத் தந்தியை 3-ஆம் ஃபிரெட்டில் அழுத்தி, வரும் சட்ஜத்துக்கு மெட்டுத் தந்தியை ஏற்றுங்கள். திறந்த தந்தியே சட்ஜம், வருவது ஹரிகாம்போதி. மெட்டுத் தந்தியைத் தடித்த தந்தியின் 6-ஆம் ஃபிரெட்டோடு சேர்த்தால் சட்ஜம் 1-ஆம் ஃபிரெட்டில், நடபைரவி. அதன் 3-ஆம் ஃபிரெட்டோடு சேர்த்தால் சட்ஜம் 4-இல், கரகரப்பிரியா.

ஏற்றும்போது ஸ்தாயியில் கவனம் வேண்டும். எழுத்தை மட்டும் காட்டும் டியூனரை நம்பி ஒரு ஸ்தாயி மேலே முறுக்கினால் தந்தி அறுந்துவிடும். மரப் பிருடை (தந்தியை முறுக்கும் முளை) நழுவினால் சாக்பீஸ் பூசி, உள்ளே அழுத்தியபடியே திருப்புங்கள்.

மெட்டுத் தந்தியை அழுத்த, இடது கையில் பென்சில் பருமனுள்ள, விரல் நீளக் கடினமரக் குச்சி, மூங்கிலும் ஆகும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் ஃபிரெட் பலகையின் ஓரத்தை உரசி வழிகாட்ட வேண்டும். இல்லாவிட்டால் குச்சி நடுத் தந்தியைத் தொட்டு ஆதார சுருதியை அடைத்துவிடும். ஃபிரெட்டின் மேலேயே அழுத்தினால் ஒலி மழுங்கும். சற்று இடப்பக்கம் அழுத்துங்கள். நாளடைவில் தந்தி குச்சியில் பள்ளம் போடும், சறுக்கும்போது கீச்சிடும். குச்சியைத் திருப்பிப் பிடியுங்கள், அல்லது உப்புத்தாளால் தேயுங்கள்.

இன்றைய கருவிகள் பலவற்றில் 6-க்கும் 7-க்கும் இடையே ‘ஆறரை’ ஃபிரெட் உண்டு. திறந்த தந்தி சட்ஜமாக இருக்கும்போது, குச்சியால் வாசிப்பவர் அதையும் ஒன்றாக எண்ணிவிட்டால் மேல் சட்ஜத்துக்குப் பதில் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) ஒலிக்கும்.

குதிரை (தந்திகளைத் தாங்கும் வால்பக்கக் கட்டை) நகர்த்தக்கூடியது என்றால், 7-ஆம் ஃபிரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியையும் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் குதிரையை வால்பக்கம் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே.

வலது கையில் வான்கோழி இறகின் தண்டோ, வளையும் பிளெக்ட்ரமோ. மீட்டும் இடம் கடைசி ஃபிரெட்டுக்கும் குதிரைக்கும் இடையே உள்ள பள்ளம். உடம்பைவிட்டு வெளியே மீட்டும்போது மெட்டுத் தந்திதான் முதலில் ஒலிக்கும், ஆகவே தாளத்தின் அழுத்தத்தை அதில் வையுங்கள். உள்நோக்கிய மீட்டலில் தடித்த தந்தி முந்திக்கொள்ளும். அங்கே கை இளகட்டும்.