கண்ணாடித் தொட்டியில் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வன்னியிலிருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போகும் பிள்ளைகள் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போனால், மீன் தொட்டிகளை விட்டு லேசில் நகரமாட்டார்கள். இவ்வளவு நிறமும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பிறக்கும்போதே வந்தது என்பார்கள். அது பாதிதான் சரி.

சிவப்பையும் மஞ்சளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு வகைச் சத்துகள்தான் பல மீன்களுக்கும் அந்த நிறங்களைத் தருகின்றன. அவற்றை மீனின் உடம்பு தானாக உண்டாக்காது. இறாலும் பாசியும் தின்றுதான் சேர்க்க வேண்டும். தொட்டியில் வெறும் மலிவுத் தீனி போட்டுப் பாருங்கள், கொஞ்சக் காலத்தில் சிவப்பு வெளிறிவிடும். தொட்டி மீனின் சிவப்பில் தீனி போடுகிறவரின் கைவேலையும் இருக்கிறது.

நீலம் வேறு கதை. மீன்களில் நீலச் சாயம் மிக அபூர்வம். தோலில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் ஒளியை நீலமாகத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். நீலக்கோடு போட்ட நியோன் டெட்ரா என்ற சின்னத் தொட்டி மீனை வளர்ப்பவர்கள் இருட்டில் திடீரென்று விளக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்: நீலக்கோடு மங்கிக் கிடக்கும், சற்று நேரம் போனபின்தான் தெளியும். உண்மையான நீலச் சாயம் உள்ள மீன் என்றால் பசிபிக் கடலின் மாண்டரின் மீனைச் சொல்லலாம்.

அப்புறம் வெளிச்சம். கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். ஆழம் போகப் போகச் சிவப்பெல்லாம் சாம்பலாகவும் கறுப்பாகவும் தெரியும். சிங்கமீனின் சிவப்பு வரிகள் அங்கே பாறையோடு பாறையாகக் கலந்துவிடும். வெள்ளை விளக்கின் கீழ் நாம் வாய்பிளந்து பார்க்கும் அந்தச் சிவப்பை, ஆழத்தில் அதற்கு இரையாகும் மீன் கண்டே இருக்காது.

இதற்கெல்லாம் தெஹிவளை வரை போகத்தான் வேண்டுமா? நம்முடைய சிலாவத்துறை, அரிப்புக் கடலிலேயே பவளப் பார்கள் இருக்கின்றன. கிளிமீனை நாம் சந்தையில் ஐஸ் பெட்டிக்குள் மங்கிப்போன பிறகே பார்க்கிறோம். உயிரோடு பார்த்தால் பச்சையும் நீலமும் கண்ணைப் பறிக்கும். அந்தப் பகட்டு பெரும்பாலும் பெரிய ஆண்களுக்குத்தான். அவற்றில் பல, முன்பு பழுப்போ சாம்பலோ நிறத்துப் பெண்ணாகத் திரிந்தவை! கோமாளி மீன் இதற்கு நேர் எதிர். எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்கும். கூட்டத்தின் பெண் செத்துவிட்டால் அதன் துணையான ஆண் பெண்ணாக மாறிவிடும்.

மன்னார்ப் பக்கமோ முல்லைத்தீவிலோ நம் கடல்மீன்களுக்கென்று ஒரு சின்னக் காட்சிக்கூடம் அமைத்தால் என்ன என்பது என் ஆசை. பெயர்ப்பலகையில் ஓரா, பேத்தை, கிளிமீன் என்று வாடியில் சொல்லும் பெயரையே எழுதலாம். உப்புத்தண்ணீருக்கு அலையவேண்டியதில்லை. கரண்ட் நின்றால் காற்றுப் பம்பும் நிற்கும், ஆகவே அதற்கு மட்டும் தனியாக ஒரு பற்றரி வேண்டும்.