நடுவர் அவர்களே, கமலா கானுக்காக வாதாட வந்திருக்கிறேன்

நடுவர் அவர்களே, பினாங்குத் தமிழ் மக்களே, வணக்கம். ‘சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பிள்ளைகளின் வாசிப்பை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?’ என்பது தலைப்பு. ‘வளர்க்கிறது’ என்ற அணியில் நான் இரண்டாவது பேச்சாளர். கமலா கான் என்ற காமிக்ஸ் நாயகிதான் என் சாட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா போட்ட போடு இருக்கிறதே! “ஜட்டியை வெளியே மாட்டிக்கொண்டு பறக்கிறவனிடம் என் பேரன் என்னத்தைக் கற்றுக்கொள்வான்?” என்றார். “இந்தத் தலைமுறையே உருப்படாது, பெரியவர்களை மதிக்காது, அதற்கு இந்தப் பொம்மைப் புத்தகமும் காரணம்” என்றார். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன் ஐயா, நகைச்சுவைக்கு.

ஆனால் வழக்கு பழைய வழக்கு. 1954-லேயே ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகமே எழுதினார். செனட் விசாரணை நடந்தது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். போதைப்பொருளின் கெடுதலைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையே காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயிடம் கேட்டுக்கொண்டது. 1971-ல் அது ஸ்பைடர்மேன் கதையாக வந்தது. ஊரைக் கெடுக்கிறவனிடமா ஐயா பிள்ளைக்குப் புத்தி சொல்லச் சொல்வார்கள்?

சரி, அமெரிக்கா கிடக்கட்டும். பட்டர்வொர்த்துக்கு வாருங்கள். என் மாமனார் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். காமிக்ஸ் விஷயத்தில் எதிரணி ஐயாவுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி டியூஷன் முடிந்து வரும்வரை காரில் உட்கார்ந்திருந்தவர், பொழுது போகாமல் பின்சீட்டில் கிடந்ததை எடுத்துப் புரட்டியிருக்கிறார். ‘மிஸ் மார்வெல்’. 2014-ல் தொடங்கிய வரிசை. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்போனா.

நாயகி கமலா கானுக்குப் பதினாறு வயது. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பம். முதல் பக்கத்தில் சண்டை கிடையாது, பறப்பதும் கிடையாது. கடையில் பன்றி இறைச்சி சாண்ட்விச் முன்னால் நின்று மோப்பம் பிடிக்கிறாள். தின்ன மாட்டாள், வாசனை மட்டும்! ஹலால் பலகை பார்த்துக் கடைக்குள் நுழைகிறவர்களும், மாட்டிறைச்சி தொடாதவர்களும், வெள்ளிக்கிழமை சைவக்காரர்களும் ஒரே தெருவில் பசியாறுகிற ஊர் நம் ஊர். இந்தப் பக்கத்துக்கு நமக்கு உரை வேண்டுமா?

அடுத்து வீடு. அண்ணன் ஆமிர் எந்நேரமும் தொழுகை. “பக்தி நல்லதுதான் மகனே, ஆனால் நாள் முழுக்கத் தொழுதால் வேலை தேடுவதிலிருந்து தப்பிக்கிற மாதிரி தெரிகிறதே” என்ற பொருளில் அப்பா ஒரு குத்து விடுகிறார். மாமா அங்கேதான் விழுந்தார். என் மகள் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினால், “இரும்மா, இந்தப் பக்கம் முடியட்டும்” என்றாராம்.

சக்தி வந்ததும் கமலா யாராக மாறுகிறாள்? தான் ஆசைப்பட்ட பொன்னிறக் கூந்தல் வெள்ளைக்கார நாயகியாக! மாறிய பிறகுதான் தெரிகிறது: முடி முகத்தில் விழுகிறது, பூட்ஸ் கடிக்கிறது, உடை கண்ட இடத்தில் ஏறுகிறது. சிவப்பாகணும் என்று கிரீம் தேய்க்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையா? மேடையேறி அரை மணி நேரம் அறிவுரை சொன்னால் கொட்டாவி விடுகிற பிள்ளை, இந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. பிற்பாடு அவள் தனக்குத் தைத்துக்கொள்கிற உடையோ, நீச்சலுக்கு என்று வீட்டில் இருந்த புர்கினியிலிருந்து வந்தது.

பெரியவர்களை மதிக்காத கதையாம்! பள்ளிவாசல் ஷேக்கிடம் அவளை அனுப்புகிறார்கள். திட்டு விழும் என்று போகிறாள். அவரோ, செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் துணிச்சலோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் சுயமரியாதையோடும் செய், உனக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறார். நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கை அந்தப் பக்கத்தைத் தட்டிக் காட்டியது: “இவன் வாத்தியார்மா.”

எல்லா காமிக்ஸும் தங்கம் என்று சொல்லவில்லை. பாதிக்குப் பாதி குப்பை. இந்த வரிசையிலேயே நடுநடுவே வேறு நாயகர்கள் விருந்தாளியாக வந்து கதையை இழுப்பது எனக்கு எரிச்சல். ஆனாலும் 2015-ல், அறிவியல் புனைவு வாசகர்கள் வாக்களித்துத் தரும் ஹ்யூகோ விருதை முதல் தொகுதி வாங்கியது. அவர்கள் எல்லாருமா ஜட்டியைப் பார்த்து ஏமாந்தார்கள்?

வில்லனைச் சொல்லியாக வேண்டும். கிளித்தலையோடு ஒருவன். பிள்ளைகளை மின்கலமாக இயந்திரத்தில் மாட்டுகிறான். கொடுமை என்னவென்றால், பிள்ளைகள் தாங்களே முன்வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ‘நீங்கள் உலகத்துக்குப் பாரம், எதற்கும் உதவாத தலைமுறை’ என்று சொல்லிச் சொல்லி நம்பவைத்திருக்கிறான். சற்று முன் இந்த மேடையில் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நான் ஐயாவைச் சொல்லவில்லை, கிளியைச் சொல்கிறேன்.

வாசிப்பு வளர்ந்ததா என்பதுதானே வழக்கு? கமலாவுக்குச் சக்தி வருகிற பனிமூட்டக் காட்சியில் ஒரு வசந்தப் பாட்டு வருகிறது. அமீர் குஸ்ரோ பெயரில் வழங்குவது. “யார் தாத்தா இவர்?” என்று என் மகள் கேட்டாள். தாத்தாவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் தேடினார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தில்லியில் வாழ்ந்த கவிஞர். கடுகுப் பூ பூத்ததைப் பாடுகிற பாட்டு. மாமா விடுவாரா? முல்லைத் திணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடுகா முல்லையா என்று எங்கள் வீட்டில் இன்னும் தகராறு தீரவில்லை.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து வரும்போது முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்: உங்கள் வீட்டில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து படித்துச் சண்டை போட்ட புத்தகம் எது? பெயரைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.