மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

வணக்கம். மேஜையில் இருக்கும் இந்த விறகுக் கட்டையைப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த கட்டை, கையில் எடுத்தால் கனக்கிறது. இந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்வது, மண்ணிலிருந்து. வேர் மண்ணுக்குள்தானே இருக்கிறது, உரத்தையும் அங்கேதானே போடுகிறோம்!

இதை 17ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் தராசு வைத்துச் சோதித்துவிட்டார். வான் ஹெல்மான்ட் என்பது அவர் பெயர். தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். அவர் இறந்தபின் 1648இல் இந்தக் குறிப்பு அச்சில் வந்தது. மண் இல்லையென்றால் தண்ணீர்தான் மரமாகியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். வேடிக்கை என்னவென்றால், கரி எரியும்போது தனியான ஒரு வாயு, இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்பது, வெளிவருவதைக் கண்டு சொன்னவரும் இதே மனிதர்தான். விடையைக் கையில் வைத்துக்கொண்டே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மீதியில் பெரும்பகுதி ஆக்சிஜன். இரண்டுமே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. தண்ணீர் தந்த ஹைட்ரஜன் எடையில் சிறு பங்கு. மண் என்ன தந்தது என்று தெரிய வேண்டுமானால் கட்டையை எரித்துப் பாருங்கள். கடைசியில் மிஞ்சும் சாம்பல்தான் பெரும்பாலும் மண்ணின் பங்கு.

இப்போது கேமராவை இந்தப் பீக்கருக்கு அருகில் கொண்டுபோகிறேன். உள்ளே இருப்பது ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி. அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பின்மேல் நீர் நிரம்பிய சோதனைக் குழாயைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். தண்டை வெட்டிய இடத்தைக் கவனியுங்கள். ஊசிமுனை அளவுக் குமிழ்கள் கோத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. விளக்கைத் தள்ளி வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். பாருங்கள், குமிழ்களுக்கு இடையே இடைவெளி கூடிவிட்டது. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கரைத்திருக்கிறேன். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு தட்டுப்பாடு வராமல் இருக்கத்தான் அது.

இந்தக் குமிழில் பெரும்பாலும் ஆக்சிஜன். அது கார்பன் டை ஆக்சைடு உடைந்து வந்தது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். இல்லை, தண்ணீர் உடைந்து வந்தது. சாமுவேல் ரூபனும் மார்ட்டின் காமனும் உடன் பணியாற்றியவர்களும் கனமான ஆக்சிஜன் அணு கொண்ட தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்து, அந்த அணு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து 1941இல் இதைக் காட்டினார்கள். ஒளி பட்டதும் பச்சையம் எலக்ட்ரானை இழக்கிறது. அந்தக் காலி இடத்தை நிரப்ப இலை தண்ணீரை உடைக்கிறது. ஆக்சிஜன் அதற்கு வேண்டாத மிச்சம். நமக்காகச் செடி ஆக்சிஜன் தயாரிக்கிறது என்று சொல்வது அழகான பேச்சு, அவ்வளவுதான்.

அடுத்து, காற்றிலுள்ள கார்பனைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலை. இதைத் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. நொதிகளில் இவ்வளவு மந்தமானதைக் காண்பது அரிது. விநாடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும், அதிலும் சில நேரம் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இலை என்ன செய்கிறது? வேகம் இல்லாத குறையை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது. உலகில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஒன்றாக ரூபிஸ்கோ ஆனது இப்படித்தான்.

சரி, சர்க்கரை தயாராகிவிட்டது. அதைச் செலவழிக்க வேண்டுமே. இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பாட விளக்கப்படங்களில் செடியிலிருந்து ஓர் அம்பு, விலங்கிலிருந்து எதிர்ப்பக்கம் ஓர் அம்பு. செடி ஒளிச்சேர்க்கை செய்யும், விலங்கு சுவாசிக்கும் என்று பிள்ளைகள் பிரித்துக்கொள்கிறார்கள். செடியின் செல்லிலும், சர்க்கரையிலிருந்து ஆற்றலை எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு உண்டு. பகலோ இரவோ, வேரோ பூவோ, அதன் சுவாசம் நிற்பதே இல்லை. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதை மிஞ்சிவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் படுக்கையறைச் செடி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் அதைவிடப் பல மடங்கு எடுத்துக்கொள்கிறார்.

ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும், செல் செலவழிக்கும் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களைக் குவித்து, அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் விசையாழியைச் சுற்றுவதுபோல அவற்றை ஒரு நொதியின் வழியே பாயவிடுகின்றன. நொதி உண்மையாகவே சுழல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் வேலை முடித்த எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். நாம் மூச்சிழுப்பதே முக்கியமாக இந்தக் கடைசிப் படிக்காகத்தான். சயனைடு அடைப்பதும் இதே படியைத்தான். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் பயன்படுத்த முடியாமல் ஆள் இறந்துபோகிறார்.

இனி எடையைத் தலைகீழாகப் பார்ப்போம். உடலில் 10 கிலோ கொழுப்பு குறைந்தால் அது எங்கே போகிறது? வியர்வை, வெப்பம், தசை என்று பல பதில்கள் வரும். ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரௌன் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. மரம் எந்தக் காற்றிலிருந்து உடம்பைக் கட்டியதோ, அதே காற்றுக்குள் நாம் உடம்பைக் கரைத்துவிடுகிறோம். வேகமாக மூச்சுவிட்டால் இளைத்துவிடலாமா என்று உடனே கேட்காதீர்கள். தலைதான் சுற்றும். உழைப்பு கூடினால்தான் கொழுப்பு எரியும்.

கடைசியாக அமேசான். உலக ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அந்தக் காடு தருகிறது என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. மரங்களின் சொந்தச் சுவாசத்தையும், உதிர்ந்த இலைகளை மட்கவைக்கும் நுண்ணுயிர்களின் சுவாசத்தையும் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய பூஜ்யம். காட்டைக் காப்பாற்ற வேறு வலுவான காரணங்கள் உண்டு. மழை, உயிரினங்கள், மரத்தில் அடைபட்டிருக்கும் கார்பன் ஆகியவை போதாதா? காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. சுவாசத்துக்குச் சிக்காமல் மண்ணுக்கும் கடலடிக்கும் கீழே புதைந்துபோன உயிர்ப்பொருள்களின் கணக்கில் மிஞ்சியது அது. நாளைக்கே ஒளிச்சேர்க்கை அடியோடு நின்றாலும் மூச்சுக்கு இந்த இருப்பு நெடுங்காலம் தாங்கும். சாப்பாட்டுக்கு அப்படி ஓர் இருப்பு கிடையாது.