பிடிக்கவும் செலவு, விடவும் செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

வலது கையை முழங்கையில் மடக்கி, இடது கையால் மேல்கைச் சதையைத் தொட்டுப் பாருங்கள். இறுகி, உருண்டு நிற்கும். இப்போது கையைத் தொங்கவிடுங்கள். சதை தளர்ந்துவிடும். இந்த இரண்டில் உடம்புக்குச் செலவு வைப்பது எது? உடலியங்கியல் வகுப்பில் முதலாண்டு மாணவர்களிடம் இதைக் கேட்பேன். மடக்குவதுதான் என்பார்கள். தளர்வது தானாக நடப்பது, அதற்கு எதற்குச் சக்தி என்பார்கள். தசையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்: தசை பிடித்ததை விடுவதற்கும் சக்தி வேண்டும்.

எப்படி என்று பார்ப்பதற்கு முன் தசையின் உள்ளே போவோம். எலும்பை அசைக்கும் தசைகள் நம்மிடம் 600-க்கும் மேல் இருக்கின்றன. உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் அவைதான். பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. வெந்த ஆட்டுக்கறித் துண்டைப் பிய்த்தால் நார் நாராக வருகிறதே, அந்த நார் ஒவ்வொன்றும் ஒரு கற்றை. கற்றைக்குள் தலைமுடி அளவிலோ அதைவிட மெல்லியதாகவோ இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல். சாதாரணமாக ஒரு செல்லைப் பார்க்கவே நுண்ணோக்கி வேண்டும். தசைச் செல்லோ சென்டிமீட்டர் கணக்கில் நீளமாக இருக்கும். செல்லுக்கு ஓர் உட்கரு என்று பள்ளியில் படித்திருப்போம்; இதற்குள் நூற்றுக்கணக்கில் உண்டு. கருவில் வளரும்போதே பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவானது என்பதால் அப்படி.

அந்த இழைக்குள் இன்னும் நுண்ணிய இழைகள். அவற்றில் வரிசையாக அறைகள். ஒரு மில்லிமீட்டருக்குள் 400 அறைகள் வரை அடங்கும். ஒவ்வோர் அறையிலும் இரண்டு வகைப் புரத இழைகள் இருக்கின்றன. தடித்தது மையோசின், மெல்லியது ஆக்டின்.

தசை சுருங்கும்போது இந்த இழைகளே மடிந்து குட்டையாகின்றன என்றுதான் வெகுகாலம் பலர் எண்ணியிருந்தார்கள். 1954-இல் அது மாறியது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம், இரண்டு ஆய்வுக் குழுக்களும் ஒரே அறிவியல் இதழில் அடுத்தடுத்த கட்டுரைகளாக எழுதினார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. தசை சுருங்கும்போது நுண்ணோக்கியில் தெரியும் கறுப்புப் பட்டையின் அகலம் மாறவே இல்லை, வெளிர்ப் பட்டை மட்டும் குறுகியது. அப்படியானால் இழை எதுவும் குட்டையாகவில்லை, ஒன்றினிடையே மற்றொன்று வழுக்கிப் போகிறது. இரு கை விரல்களையும் நுனியோடு நுனி வைத்து, ஒரு கை விரல்களின் இடுக்கில் மறு கை விரல்களை நுழைத்துப் பாருங்கள். விரல் நீளம் அப்படியே இருக்கும். உள்ளங்கைகள்தான் நெருங்கி வரும். தசையில் நடப்பதும் அதுதான்.

சரி, வழுக்க வைப்பது எது? மையோசின் இழையில் நூற்றுக்கணக்கான சிறு தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தலை ஆக்டினைப் பிடிக்கும், சாய்ந்து இழுக்கும், விடும், நிமிரும், கொஞ்சம் தள்ளி மறுபடி பிடிக்கும். ஓர் இழுப்பில் நகரும் தூரம் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் கோடிக்கணக்கான தலைகள் சேர்ந்து இழுத்தால் குடம் இடுப்புக்கு ஏறிவிடுகிறது.

இந்தச் சுற்றுக்கு எரிபொருள் ஏ.டி.பி. என்ற சிறிய மூலக்கூறு. ஒரு சுற்றுக்கு ஒரு மூலக்கூறு. அது எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்பதுதான் முக்கியம். பிடித்திருக்கும் தலையில் ஏ.டி.பி. வந்து ஒட்டினால்தான் தலை பிடியை விடும். விட்ட பிறகு அந்த ஏ.டி.பி. உடைந்து, அந்தச் சக்தியில் தலை நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகும். புது ஏ.டி.பி. வரவில்லை என்றால் பிடித்த பிடி பிடித்தபடியே நிற்கும்.

செலவு அதோடு முடியவில்லை. மூளையின் கட்டளை நரம்பு வழியாக வந்ததும், தசைச் செல்லுக்குள் பைகளில் அடைத்து வைத்திருக்கும் கால்சியம் வெளியே கொட்டுகிறது. ஆக்டினை மூடியிருக்கும் காவல் புரதங்களை அதுதான் விலக்குகிறது. கட்டளை நின்ற பிறகு கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற பம்புகளுக்கும் ஏ.டி.பி. வேண்டும். ஆக, ஓய்வு என்று நாம் நினைக்கிற அந்த நொடியிலும் தசை உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கு ஒரு சாட்சி நம் ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் பெரியவர்கள் முதல் வேலையாகத் தாடையைத் துணியால் கட்டுவார்கள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். "விறைக்கிறதுக்குள்ள கட்டுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். மிகச் சரியான அவசரம். மூச்சு நின்றால் ஏ.டி.பி. உற்பத்தி நிற்கிறது, கால்சியம் கசிகிறது, மையோசின் தலைகள் பிடித்துக்கொள்கின்றன, விடுவிக்க ஆளில்லை. சில மணி நேரத்தில் விறைப்பு தொடங்கும். இமை, தாடை போன்ற சிறிய தசைகளில் முதலில் தெரியும். ஒன்றிரண்டு நாளில் புரதங்களே சிதையத் தொடங்கும்போதுதான் அது விலகும். வெயில் காலத்தில் எல்லாமே சீக்கிரம்.

உயிரோடு இருக்கும்வரை ஏ.டி.பி. எங்கிருந்து வருகிறது? கையிருப்பு மிகவும் குறைவு. முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று நொடிக்குத்தான் வரும். அடுத்து, ஏ.டி.பி.யைச் சட்டென்று திரும்ப உருவாக்கித் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் கைகொடுக்கும். அதையும் சேர்த்தால் பத்து நொடி. நூறு மீட்டர் ஓட்டம் கிட்டத்தட்ட இந்தக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தசைக்குள் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைக்கலாம், ஒன்றிரண்டு நிமிடம் ஓடும். நீண்ட வேலைக்கு ஆக்சிஜனும், செல்லுக்குள் ஏ.டி.பி. தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவும்தான் கதி. அப்போது ஒரே குளுக்கோஸிலிருந்து முப்பது ஏ.டி.பி. வரை கிடைக்கும், ஆக்சிஜன் இல்லாவிட்டால் இரண்டுதான். செலவழித்த சக்தியில் கால் பங்குதான் அசைவாகிறது, மீதி சூடாகப் போய்விடுகிறது. குளிரில் உடம்பு நடுங்குவது அந்தச் சூட்டுக்காகத்தான்.

உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். பழனி மலை ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள்: மூச்சு வாங்கியது ஏறும்போது, ஆனால் மறுநாள் தொடை வலி பெரும்பாலும் இறங்கியதால் வந்தது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதற்குச் சக்தி குறைவாகவே ஆகும். ஆனால் நுண்ணிழைகளில் சிறுசிறு சேதம் அதிகம். உடம்பே அதைச் சரிசெய்துகொள்ளும், அடுத்த முறை அவ்வளவு வலிக்காது.

சர்க்கரை நோய் உள்ள நேயர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசைதான். உட்கார்ந்திருக்கும்போது அதற்கு இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். சுருங்கி விரியும் தசையோ இன்சுலினை எதிர்பார்க்காமலும் சர்க்கரையை உள்ளே எடுக்கும். சாப்பிட்டதும் கட்டிலுக்குப் போகாமல் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள் என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இதுதான். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் வயதானவர்களுக்கு ஒன்று. தசையிழைகளில் மெதுவாக இயங்கிச் சோர்வடையாதவை ஒரு வகை, சட்டென்று வேகமாக இயங்குபவை இன்னொரு வகை. வயது ஏற ஏற அதிகம் மெலிவது வேக வகை. கால் தடுக்கியதும் உடனே எட்டு வைத்துச் சமாளிக்க உதவுவதும் அந்த வகைதான். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது பெரும்பாலும் மெதுவான இழைகளுக்கே வேலை கொடுக்கிறது, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். வேக இழைகளுக்குச் சுமை வேண்டும். சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து, உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல உட்காருங்கள். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பழகியபின் தலையணையை எடுத்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.