மார்த்தாள் இரண்டாம் முறை பரிமாறினபோது

நேயர்களுக்கு அன்பின் வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. இதைக் கேட்கும்போதே உங்கள் கை ஏதோ வேலையில் இருக்கும், மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டாம், செய்துகொண்டே கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் 24 இரவு. வீட்டில் சீரியல் லைட் பாதி எரியவில்லை. போன வருடம் இதைச் சுருட்டி வைத்தது யார் என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் நானும் என் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாமலே ஆராதனைக்குக் கிளம்பினோம். அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று பூமியிலே சமாதானம் என்று பாடினோம் பாருங்கள், நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

இந்த நாட்களில் பிரசங்கத்தில், பைபிளில் வருகிற மார்த்தாளுக்குத் திட்டு விழும். இயேசு வீட்டுக்கு வந்தபோது அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, இவள் வேலையிலேயே ஓடிக்கொண்டிருந்தாள் என்று. எனக்கு அவள்மேல் எப்போதும் ஒரு பரிவு உண்டு. இயேசுவை வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டவளே அவள்தானே! எல்லாரும் பாதத்தருகே உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு எங்கிருந்து வரும்? லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் அவள் நிலையைச் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கு, நாலா பக்கமும் இழுபடுவது என்று பொருள். டிசம்பரில் நாம் படும் பாடும் அதுதான். ஆனால் ஒன்று கவனியுங்கள், உதவி வேண்டுமென்று மரியாளிடம் கேட்காமல், வந்த விருந்தாளியிடமே போய் உமக்குக் கவலையில்லையா என்று குறைபடுகிறாள். இயேசுவும் சமைக்காதே என்று சொல்லவில்லை, கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார்.

அதே மார்த்தாள் யோவான் 12-இல் மறுபடி வருகிறாள். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாளைக்கு முன், பெத்தானியாவில் ஒரு விருந்து. மார்த்தாள் பணிவிடை செய்தாள், அவ்வளவுதான் யோவான் எழுதுகிறார். மரியாள் இந்த முறையும் கைகொடுத்ததாக இல்லை, பரிமளதைலத்தோடு இயேசுவின் பாதத்தருகே இருக்கிறாள். ஆனால் மார்த்தாள் முறையிட்டதாக ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் என்ன நடந்தது? முந்தின அதிகாரத்தில் அவள் சகோதரன் லாசரு இறந்து, நாலு நாள் கல்லறையில் கிடந்து, எழுந்து வந்தான். இப்போது அவன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் சேர்த்துப் பரிமாறுகிற கைக்கு, யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்ற கணக்கு ஞாபகம் வந்திருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை குறையவில்லை, யாருக்காகச் செய்கிறோம் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் வாரங்களான அட்வெந்து காலத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைக்கு, சந்தோஷமாயிருங்கள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லான கவுதேத்தே என்றே பெயர். பல சபைகளில் அன்று இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பிலிப்பி ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதத்தின் வார்த்தையிலிருந்து வந்த பெயர் அது, எழுதினபோது அவர் காவலில் இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு வருகிற நாளும் அல்ல, காத்திருப்பின் நடுவே வருகிறது.

அதனால் உங்கள் பட்டியலில் ஒன்றையாவது இன்றைக்கே அடித்துவிடுங்கள். எதை என்று உங்களுக்கே தெரியும், பெரும்பாலும் யாரோ என்ன நினைப்பார்களோ என்பதற்காகச் சேர்த்ததாகத்தான் இருக்கும். உதவி வேண்டுமென்றால் முகத்தைத் தூக்கி வைக்காமல் வாயைத் திறந்து கேளுங்கள். அப்புறம், திருச்சபை நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் காலம் 25-ஆம் தேதிதான் ஆரம்பிக்கிறது, ஜனவரி 6 வரைக்கும் நாள் இருக்கிறது. பார்க்க வேண்டியவர்களை அப்போதும் போய்ப் பார்க்கலாம், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் வீட்டு சீரியல் லைட் இந்த வருடமும் பாதிதான் எரிகிறது. எரிகிற பாதியை ஜன்னல் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறோம், இரண்டு பேரும் சேர்ந்தே. வணக்கம்.